திருப்பி விடும் ஷேட் மீன் பிழைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 1 அன்று ஷேட் மீனுக்கான தடைக்காலம் முடிகிறது. அன்று விடியுமுன்பே டர்பனின் ப்ளூ லகூன் மணலிலிருந்து வடக்கே உம்லாங்கா பாறைகள் வரையிலும், தெற்கே இசிபிங்கோ, அமன்சிம்டோட்டி வரையிலும் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டமும் பெரும்பாலோருக்கு மனப்பாடம்: ஷேட் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது.

ஆனால் அளவு குறைந்த மீனைக் கடலில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். போட்ட மீன் பிழைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. தொண்டை கிழிந்து, செவுளில் மணல் ஏறி, சுடுபாறையில் புரண்டு கிடந்த 27 சென்டிமீட்டர் மீனை அலைக்குள் எறிந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அது உயிரோடு திரும்பிய மீன். கடலின் கணக்கில் செத்த மீன். அளவுக் கட்டுப்பாடு முழுவதும் தொங்குவது இந்த ஒரு இடத்தில்தான். எனவே மீனைப் பிழைக்க வைத்துத் திருப்பி விடுவது எப்படி என்பதைத் தங்கள் வாசகர்களுக்காக விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷேட் நம் ஊர் மீன் மட்டும் அல்ல. குளிர்காலத்தில் தென்மேற்கே கேப் பக்கமிருந்து மத்திக் கூட்டத்தையும் பிற சிறு மீன்களையும் தின்றுகொண்டே குவாசுலு-நட்டால் கரைக்கு ஏறி வருகிறது. வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் இங்கே முட்டையிடுகிறது. அந்த முட்டையும் குஞ்சும் அகுல்யாஸ் நீரோட்டத்தோடு தெற்கே மிதந்து போய், கேப் கரையோரம் வளர்ந்து, பிறகு இனம் பெருக்க இங்கேயே திரும்புகின்றன. டர்பன் கரையில் சினையோடு பிடிபடும் ஒரு மீன் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தூண்டில்காரனுக்கும் சேர்த்தே இழப்பு. 1970களில் இந்தக் கரையில் ஷேட் வரத்து வெகுவாகக் குறைந்தபோதுதான் தடைக்காலமும் எண்ணிக்கை வரம்பும் வந்தன. கட்டுப்பாட்டுக்குப் பிறகு மீன் மீண்டு வந்தது. இந்தச் சட்டம் பலன் தந்த சட்டம். அதனால்தான் அதை அரைகுறையாகக் கடைப்பிடிப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

நம் வீடுகளில் புரட்டாசி விரதம் அக்டோபர் நடுவில் முடிகிறது. ஒரு மாதம் கவுச்சி தொடாமல் இருந்த நாக்கு மீன் குழம்புக்கு ஏங்குவது இயல்பு. ஆனால் அது ஷேட் முட்டையிடும் நேரம். அந்த ஆறு வாரத்தைப் பாறை மீனோடும், ஸ்டம்ப்நோஸ், கிரன்டர் போன்றவற்றோடும் கழிப்பது பெரிய தியாகம் அல்ல. அவற்றுக்கும் அளவு உண்டு: நட்டால் ஸ்டம்ப்நோஸ் 25 சென்டிமீட்டர், ஆளுக்கு 5, புள்ளி கிரன்டர் 40 சென்டிமீட்டர், ஆளுக்கு 5. தடைக்காலத்தில் இவற்றுக்கு வீசும்போது ஷேட் வந்து தொடர்ந்து கடித்தால், மத்தித் துண்டை எடுத்துவிட்டு இறாலோ நண்டோ கோத்துப் போடுங்கள். நுரை பொங்கும் வெள்ளை நீரை விட்டு, அமைதியான மணல் பள்ளத்துக்கு மாறுங்கள். ஷேட் மீன் தின்னும் மீன். இரையையும் இடத்தையும் மாற்றினால் பெரும்பாலும் விலகிவிடும். அப்படியும் விலகாவிட்டால் இடத்தைக் காலி செய்வதுதான் நேர்மை. கடித்ததை எல்லாம் இழுத்துத் திருப்பி விட்டுக்கொண்டே நிற்பது, தடைக்காலத்தில் ஷேட் பிடிப்பதற்கு வேறு பெயர்.

இனி தூண்டில் முள்ளுக்கு வருகிறேன். மீன் பிழைப்பதும் சாவதும் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது. நம் கரையில் பழக்கம், ஒரு மத்தித் துண்டில் இரண்டு முள், சிலர் மூன்று. ஷேட் கத்தரிக்கோல் போலப் பல் உள்ள மீன். இரையைப் பாதியாக வெட்டித் தின்பது. அதனால் வால் பக்கம் ஒரு முள் வேண்டும் என்பது இதற்குச் சொல்லும் காரணம். காரணம் சரிதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: ஒரு முள் வாயில் ஏறும், மற்றது மீன் துள்ளும்போது கண்ணிலோ, செவுளிலோ, வயிற்றிலோ போய்க் குத்தும். செவுளில் குத்திய மீன் பிழைப்பது அரிது, ஏனென்றால் அதன் இரத்தம் முழுவதும் அந்தச் சிவந்த இழைகள் வழியாகத்தான் ஓடுகிறது.

இதற்கு மாற்று ஒன்று உண்டு. நீளக் காம்பு (முள்ளின் நேரான தண்டு) உள்ள 3/0 அல்லது 4/0 அளவு முள் ஒன்று மட்டும் போதும். மத்தியின் ஒரு பக்கத் தசையை விரல் நீளத்துக்குச் சீவி, முள்ளின் காம்பை ஒட்டி நீளவாக்கில் வைத்து, கடைகளில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். முள்ளின் நுனி இரையின் கடைசிக் கால் பகுதியில் வெளியே தெரிய வேண்டும். இரை குட்டையாக இருந்தால் மீன் வெட்டித் தின்ன இடமில்லை. வெட்டினாலும் முள் இருக்கும் பக்கம்தான் வெட்டும். பெரிய இரை போட்டால்தான் பெரிய ஷேட் வரும் என்பது இந்த மீனைப் பொறுத்தவரை உண்மை அல்ல. பெரிய இரையைச் சிறிய ஷேட் கடித்துக் கடித்துக் கரைத்துவிடும். நீளக் காம்பால் இரண்டு பயன்: மீனின் பல் தூண்டில் நரம்பை, அதாவது நைலான் இழையை, எட்டாது, கழற்றும்போது குறடு பிடிக்க இடம் கிடைக்கும். பல் எட்டும் என்று அஞ்சுபவர்கள் முள்ளுக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஒற்றைக் கம்பி சேர்க்கலாம்.

அடுத்தது முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர். நம் கடைகளில் பார்ப் என்கிறார்கள். அதைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் சிக்காமல் வழுக்கி வந்தால் சரியாக மடங்கியிருக்கிறது. பார்ப் இல்லாவிட்டால் மீன் தப்பிவிடும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நரம்பு தொய்ந்தால்தான் தப்பும். ஸ்கார்பரோ ரீல் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த ரீலின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்பையும் ஒரு சுற்றுதான் இழுக்கும். ஷேட் நம்மை நோக்கி ஓடிவரும்போது அதன் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது, நரம்பு தொய்யும். அந்த நேரத்தில் சுற்றுவதை விட்டுவிட்டு, தூண்டில் கம்பைத் தாழ்த்தாமல் மணலில் பின்னோக்கி நடக்க வேண்டும். மூத்தவர்கள் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்கார்பரோவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கரையின் தூண்டில் அடையாளமே அதுதான். பாறையில் நிற்கிறவர் மட்டும் பின்னோக்கி நடக்கவே கூடாது. அவர் கம்பைப் பக்கவாட்டில் சாய்த்துத் தொய்வை எடுக்க வேண்டும்.

ஸ்பூன் (சிறு மீன் போல ஆடும் உலோகத் தகடு) வீசுகிறவர்கள் அதன் பின்னால் தொங்கும் மூன்று கவர் முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடலாம். 60 முதல் 90 கிராம் எடையுள்ள ஸ்பூனுக்கு 4/0 அல்லது 5/0 ஒற்றை முள் பொருந்தும். அதைவிடக் கனமான முள் போட்டால் ஸ்பூனின் வால் தாழ்ந்து ஆட்டம் செத்துவிடும். மீன் கிட்டே வந்து திரும்பிப் போகும். மாற்றிய பிறகு காலடி நீரில் இழுத்துப் பார்த்து, ஆட்டம் பழையபடி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

துருப்பிடிக்காத எஃகு முள்ளை வாங்காதீர்கள். மீன் முள்ளை விழுங்கிவிட்டால், உள்ளே கைவிட்டுக் குடைந்து எடுப்பதைவிட, வாயருகே நரம்பையோ கம்பியையோ ஒட்ட வெட்டிவிட்டு விடுவதே மேல். சாதாரண இரும்பு முள்ளாக இருந்தால் நாளடைவில் துருப்பிடித்து இற்றுப்போக வாய்ப்பு உண்டு. மீன் பிழைக்கவும் வாய்ப்பு உண்டு. குடலைக் கிழித்து முள்ளை மீட்டுக்கொண்டால் முள் மட்டும்தான் மிச்சம்.

நரம்பு விஷயத்தில் மெல்லியது வைத்து மீனோடு நெடுநேரம் மல்லாடுவதைச் சிலர் திறமை என்று எண்ணுகிறார்கள். டிசம்பரில் நம் கடல் நீர் சுமார் 24 பாகை செல்சியஸ் சூடு. சூடான நீரில் உயிர்வளி குறைவு. களைத்த மீன் அதில் மூச்சு மீளத் திணறும். கரையிலிருந்து வீச 0.45 அல்லது 0.50 மில்லிமீட்டர் நரம்பு, விரைவாக இழுத்து, விரைவாகக் கழற்றி, விரைவாக விடுவது, இதுதான் நல்ல தூண்டில்.

மீனைக் கரையேற்றும் விதத்தில் மணல், பாறை, கடற்பாலம் மூன்றும் மூன்று மாதிரி. மணலில் அலை ஏறிவரும்போது அதோடு சேர்த்து மீனை வழுக்கவிட்டு, அலை வடிந்ததும் ஈர மணலில் கிடக்கும் மீனை நனைந்த கையால் எடுங்கள். உலர்ந்த மணலில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மேல் வழுவழுப்பு போய்விட்டால் அந்த இடத்தில் புண் வைக்கும். காய்ந்த துண்டால் பிடிப்பதும் அதே கேடுதான். பாறையில் அலை மீனைத் தூக்கித் தரும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். அலை இறங்கும்போது இழுத்தால் மீன் சிப்பி ஒட்டிய பாறையில் உரசிக்கொண்டே வரும். கடலுக்கு முதுகு காட்டி மீனைக் கழற்றாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நீர் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். காலையில் காய்ந்து கிடந்த திட்டு, பிற்பகலில் திரும்பும் வழியை மூடிவிடும்.

கடற்பாலத்தின் நிலைமைதான் மோசம். அங்கே மீனை நரம்பிலேயே தொங்கவிட்டுப் பல மீட்டர் உயரம் தூக்குகிறார்கள். முழு எடையும் தாடையில் தொங்கும். பாதியில் நழுவினால் தூணில் மோதி விழும். இதற்கு இறக்கு வலை ஒன்று போதும், வீட்டிலேயே செய்யலாம். பழைய 26 அங்குல சைக்கிள் சக்கரத்தின் அலுமினிய வளையம் ஒன்று. இரும்பு வளையம் ஒரே பருவத்தில் துருப்பிடித்துப் போகும். அதில் ஆரக்கால் போகும் துளைகள் வழியாக, முடிச்சில்லாத வலைத்துணியைப் பை போல அரை மீட்டர் ஆழம் தொங்கும்படி கட்டுங்கள். முடிச்சு உள்ள வலை மீனின் மேல்தோலை அறுக்கும். வளையத்தில் சம தூரத்தில் மூன்று கயிறு, மூன்றும் மேலே ஒரு வளையத்தில் சேர்ந்து, அங்கிருந்து பாலத்தின் உயரத்துக்கு மேல் மூன்று நான்கு மீட்டர் கூடுதலாக இழுகயிறு. பையின் அடியில் ஒரு ஈயக்குண்டு, வளையத்தில் எதிரெதிரே இரண்டு. ஈயம் இல்லாவிட்டால் வலை மிதந்து அலையோடு சாய்ந்துகொண்டே இருக்கும். மீன் களைக்கும் முன்பே வலையை நீருக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, மீனைத் தலை முன்னே வரும்படி வளையத்துக்கு மேலே கொண்டுவந்து, பிறகு தூக்குங்கள். வலையை மீனுக்குப் பின்னால் துரத்தினால் வளையம் நரம்பில் தட்டி மீன் போய்விடும். இரண்டு பேர் வேண்டும். பாலத்தில் இரண்டாவது ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அளவு குறைந்த மீனைக் கீழே விடவும் இதே வலைதான். மேலிருந்து எறியாதீர்கள்.

அளப்பது பற்றி. சட்டப்படி மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். உடலின் வளைவின் மேல் டேப் வைத்து அளந்தால் கணக்கு கூடிவிடும்; 29 சென்டிமீட்டர் மீன் 30 ஆகிவிடும். வாய் மூடியிருக்க வேண்டும். கையால் சாண் போட்டு அளப்பவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். சாண் ஆளுக்கு ஆள் மாறும், ஆசைக்கு ஆசையும் மாறும்.

நல்ல அளவுத் தொட்டி செய்ய 110 மில்லிமீட்டர் வெள்ளை பிவிசி குழாய் 80 சென்டிமீட்டர் நீளம் வாங்குங்கள். நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு பேருக்கு ஆகும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, ஒரு முனையில் பாதியாக அறுத்த மூடியைப் பசை போட்டு ஒட்டுங்கள். மூடியின் உள்முகத்திலிருந்துதான் அளவு தொடங்க வேண்டும். வெளிமுகத்திலிருந்து குறித்தால் மூடியின் கனம் உங்களுக்குச் சாதகமாக மீனைச் சில மில்லிமீட்டர் நீட்டிக் காட்டும். 25, 30, 40, 60 என்று குறியுங்கள். மை உப்பிலும் வெயிலிலும் அழியும். ரம்பத்தால் லேசாகக் கீறி அந்தக் கீறலில் பெயின்ட் தேய்த்தால் நிற்கும். மீனை வைக்குமுன் ஒரு குவளை கடல் நீர் ஊற்றி நனையுங்கள். கறுப்புக் குழாய் வேண்டாம். டிசம்பர் வெயிலில் கையே வைக்க முடியாது, மீனுக்கு அது தோசைக்கல். தொட்டியின் பெரிய பலன், மீன் துள்ளி விழாமல் நேராகக் கிடப்பதுதான். தலையை ஈரத்துணியால் மூடிவிட்டால் இன்னும் அடங்கும். முள்ளையும் தொட்டியிலேயே வைத்துக் கழற்றலாம்: நீள மூக்குக் குறடால் முள்ளின் வளைவைப் பிடித்து, உள்ளே போன வழியே திருப்பி வெளியே தள்ள வேண்டும். செவுளுக்குள் விரல் விட்டு மீனைத் தூக்கக் கூடாது. ஷேட்டின் வாய்ப்பக்கம் விரலைக் கொண்டுபோகவும் கூடாது, அது விடாது. மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரத்தில் நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீன் தண்ணீரில் இருக்க வேண்டும்.

விடும்போது கரைக்கு வரும் அலை உடைந்து பின்வாங்கும் நேரத்தில், தலை கடலை நோக்கி இருக்க, நீருக்குள் இறங்கி விடுங்கள். சோர்ந்த மீனை வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவது பலரும் செய்யும் பிழை. பின்னோக்கி இழுக்கும்போது நீர் செவுளில் எதிர்வழியாகப் போகும். அது மூச்சுக்கு உதவாது. நீரோட்டத்துக்கு முகம் காட்டி நிலையாகப் பிடித்திருந்தால் போதும். வால் தானே உதைக்கும்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயம். அளவு குறைந்த ஷேட்டை உயிரிரையாகக் கோத்து கேரிக், டாகா சால்மன் போன்ற பெரிய மீன்களுக்கு வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். இரையானாலும் ஷேட் ஷேட்தான்: 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அன்றைய 4 கணக்கில் அதுவும் சேரும், தடைக்காலத்தில் கூடவே கூடாது. உயிரிரைக்கு மடவை மீன் இருக்கிறது. கழிமுகங்களில் தாராளமாகக் கிடைக்கிறது, முள்ளிலும் நெடுநேரம் தாங்கும்.

டாகா சால்மன் என்று நாம் சொல்லும் கோப் மீனுக்கு, கரையிலிருந்தும் கழிமுகத்திலும் 60 சென்டிமீட்டர், ஆளுக்கு ஒன்று. ஆனால் அந்தப் பெண் மீன் முதன்முதலில் முட்டையிடுவது ஒரு மீட்டரை ஒட்டிய நீளத்தில்தான். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். 60 சென்டிமீட்டர் கோப் இன்னும் குமரி. சட்டம் எடுக்க விடுகிறது என்பதற்காக எடுத்தாக வேண்டியதில்லை. இந்த மீனின் இன்றைய நிலைமையில் விட்டுவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. துகேலா முகத்துவாரம் போல மழைக்குப் பின் கலங்கிய நீரில் இரவில் இதற்கு வீசுகிறவர்கள், வட்ட முள் போட வேண்டும்: 8/0 முதல் 10/0 வரை, நுனி காம்பை நோக்கி உள்ளே வளைந்தது, பக்கவாட்டில் திருகாதது. திருகிய வட்ட முள் சாதாரண முள்ளைப் போலவே தொண்டையில் குத்தும். மீன் இழுத்ததும் கம்பை வெடுக்கென்று தூக்காதீர்கள்; நரம்பு இறுகும்வரை விட்டு, நிதானமாகச் சுற்றினால் முள் வழுக்கி வந்து வாய் ஓரத்தில் தானே மாட்டும். வட்ட முள்ளில் மீன் நிற்பதில்லை என்று சொல்பவர்களின் இரையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முள்ளின் வாய் முழுவதையும் இரை அடைத்திருக்கும். காம்புக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள இடைவெளி திறந்தே இருக்க வேண்டும்.

வேண்டாத மீன் என்று ஒரு கூட்டத்தை நாமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். மணல் சுறாவும் திருக்கையும் ஷேட் இரையைத் தின்றுவிடுகின்றன என்று கோபப்பட்டு, கரையில் எறிந்து சாகவிடுவதைக் கண்ணால் காண்கிறோம். அவை குட்டி போடுபவை. ஷேட்டைப் போல லட்சக்கணக்கில் முட்டையிடுபவை அல்ல. அழிந்தால் மீள்வது மிகவும் கடினம். மணல் சுறாவை ஒரு கையால் மூக்குப் பக்கமும் மறு கையால் வாலின் அடியும் பிடித்து நீரில் விடுங்கள். திருக்கைக்குக் கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகளில் விரல் விட்டு இழுக்காதீர்கள், அது மூச்சுத் துளை.

படகில் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் ஸ்லிங்கர் போன்ற மீன்களுக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய் வழியே பிதுங்கும். அதைக் குத்தி உடைக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு கிலோ ஈயத்தில் பார்ப் மடக்கிய முள்ளைத் தலைகீழாகக் கட்டி, அதை மீனின் கீழுதட்டில் மாட்டி, கயிற்றில் கீழே இறக்குங்கள். ஆழத்தில் நீரின் அழுத்தம் காற்றை மீண்டும் சுருக்கிவிடும்; கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் முள் கழன்று மீன் போய்விடும். ஸ்லிங்கருக்கு 25 சென்டிமீட்டர், ஆளுக்கு 5. இந்த மீன் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும் இனம். பெரியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஆண்களே குறைந்துபோகும்.

நன்னீர் பற்றியும் கேட்பார்கள். இனாண்டா, ஹேசல்மியர், மிட்மார் அணைகளில் சோள இரை போட்டுக் கெண்டை பிடிக்கும் குடும்பங்கள் ஏராளம். கெண்டையும் பாஸ் மீனும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டவை. ஸ்கேலி என்று சொல்லும் நட்டால் மஞ்சள்மீன் இந்த மாகாணத்து ஆறுகளைத் தவிர உலகில் எங்கும் இயற்கையாக இல்லாதது. ஆகவே உங்கள் சோளத்தில் ஸ்கேலி கடித்தால் அதற்குத்தான் முதல் மரியாதை: ஈரக் கை, பார்ப் மடக்கிய முள், உடனே மீண்டும் நீர். ஒரு அணையில் பிடித்த உயிர்மீனை வாளியில் எடுத்துப்போய் இன்னொரு அணையில் விடாதீர்கள், இரைக்காகக்கூட. நோயும் ஒட்டுண்ணியும் அந்த வாளியிலேயே பயணம் செய்யும். ஜோசினி அணையின் புலிமீனுக்கு 30 சென்டிமீட்டர் கம்பி இல்லாமல் வீசுவது வீண். பல் நரம்பை நொடியில் அறுத்து, முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். புலிமீனை உதட்டுப் பிடியில் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அந்த எடையைத் தாங்கும்படி அதன் தாடையும் முதுகெலும்பும் அமைந்தவை அல்ல. வயிற்றுக்கு அடியில் மறு கையைக் கொடுங்கள். விடுவதற்காக அந்தக் கரையில் நீரோரம் குனிந்து உட்காரவே கூடாது. அங்கே முதலை உண்டு. படகிலிருந்து விடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் நான்கு மீனையும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஐந்தாவது மீனுக்கு ஆசை வராது. ஷேட்டின் தசை மிருதுவானது, வெயிலில் ஒரு மணி நேரத்தில் குழைந்துவிடும். பிடித்தவுடன் செவுளின் அடியில் வெட்டி இரத்தம் வடியவிட்டு, இரண்டு பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கடல் நீர் கலந்த பெட்டியில் முழுகப் போடுங்கள். வெறும் பனிக்கட்டிமேல் வைத்தால் ஒரு பக்கம் மட்டுமே குளிரும். வெறும் ஈரச் சாக்குப் பையில் போட்டுப் பகல் முழுவதும் பாறையில் வைத்த மீன் புளிக் குழம்பில் போட்டதும் கரைந்துபோகிறது என்றால், தவறு மீனுடையது அல்ல.

முதுகுத் துடுப்பின் அருகே மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்று தைத்திருக்கும் மீன் கிடைத்தால், அது டர்பனில் உள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனம் 1984 முதல் நடத்திவரும் அடையாளத் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். மீன் அளவு குறைந்ததானால் குழலைப் பிடுங்காதீர்கள். எண்ணைப் படித்து, மீனின் நீளம், இடம், தேதி நான்கையும் குறித்துக்கொண்டு மீனைக் குழலோடு விட்டுவிட்டுத் தகவலை அனுப்புங்கள். கேப் கரையில் குறியிட்ட மீன் நம் கரையில் பிடிபட்டது என்பதெல்லாம் இப்படி யாரோ ஒருவர் எண்ணை எழுதி அனுப்பியதால் தெரிந்ததுதான்.

பெர்மிட் எடுக்காமல் யாரும் தூண்டில் வீசக் கூடாது என்பதும், 1998ஆம் ஆண்டுக் கடல் உயிர்வளச் சட்டத்தின் கீழ் பொழுதுபோக்குப் பெர்மிட்டில் பிடித்த மீனை விற்கக் கூடாது என்பதும் தெரிந்தவையே. வாசலில் ஷேட் விற்பவரிடம் வாங்குபவரும் அந்த மீறலில் பங்குதாரர்தான்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் கடைசி வார இதழில், ஒரு பக்கத்தின் நீள விளிம்பில் சரியாக 30 சென்டிமீட்டர் கோடு ஒன்றை அளவுகளோடு அச்சிட்டுத் தர வேண்டும். அதன் பக்கத்தில் இந்தக் கடிதத்தில் உள்ள மீன்களின் அளவையும் எண்ணிக்கையையும் தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள். அச்சகத்தில் பக்கத்தைச் சுருக்கி அச்சிடும் வழக்கம் இருந்தால், அச்சான தாளில் அளவுகோல் வைத்துச் சரிபார்த்த பிறகே வெளியிடுங்கள். அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் அந்தக் கோட்டை நம்பி ஆயிரம் சிறு மீன்கள் பெட்டிக்குள் போகும். வாசகர்கள் தாளைக் கடற்கரைக்கு எடுத்துப்போக வேண்டாம், நனைந்தால் தாள் நீளும். வீட்டிலேயே அந்தக் கோட்டைப் பார்த்துத் தொட்டியிலோ, பனிக்கட்டிப் பெட்டியின் மூடியிலோ, தூண்டில் கம்பின் அடிப்பகுதியிலோ கீறிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு தூண்டில்கார வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.